மலையில்லாத ஊர்க்காரர் சேரம்பாடி போன கதை

எங்கட பக்கம் மலையெண்ட பேரோட இருக்கிறது கீரிமலை. அங்க போனா கேணி இருக்கு, கடல் இருக்கு, நகுலேஸ்வரர் இருக்கிறார், மலையைத்தான் காணேல்ல. யாழ்ப்பாணத்தில ஒராள் வாழ்நாளில ஏறுற ஆகக்கூடின உயரம் தண்ணித் தாங்கி கழுவ ஏறுற உயரம்தான். இதை ஏன் சொல்லுறன் எண்டா, போன சித்திரைக் கடைசியில நானும் அம்மாவும் நீலகிரியில இருக்கிற சேரம்பாடிக்குப் போகேக்க குன்னூர் வளைவுகளில அம்மா ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டு "இந்த றோட்டைப் போட்டவனுக்கு வேற வேலை இல்லையே" எண்டு பேசிக்கொண்டு வந்தவ. பேசின ஆள் பிறந்து பதின்மூண்டு வயசு வரைக்கும் வளர்ந்தது இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில, நாலாயிரம் அடிக்கு மேல. யாழ்ப்பாணம் வந்து அறுவது வருசத்தில மலை ஏறுற வயிறு இல்லாமப் போட்டுது.

அம்மப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில கிளாக்கர். அந்தக் காலத்தில மிஷன் பள்ளிக்கூடத்தில இங்கிலீஸ் படிச்ச எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடிப் போனவை, கிளாக்கர், கண்டாக்கையா, டிஸ்பென்சர், வாத்தியார் எண்டு. துரைக்குக் கீழ, தொழிலாளிக்கு மேல, நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் சம்பளம் எழுதின ஆக்கள். அம்மாவுக்கு அங்க ஒரு கூட்டாளி இருந்தவ. தோட்டத் தொழிலாளியள் இருக்கிற லயத்துப் பிள்ளை, அம்மாவை விட ஒரு வயசு மூப்பு. ரெண்டுபேரும் குவாட்டர்ஸுக்குப் பின்னால ஓடுற பீலித் தண்ணியில விளையாடினது, சவுக்கு மரத்துக்குக் கீழ சோறு கறி ஆக்கினது எல்லாம் நான் சின்ன வயசிலயிருந்து கேட்டுச் சலிச்ச கதையள். ஆனா ஒரு விசயம் அம்மா அப்ப சொன்னதில்லை, அதைப் பிறகு சொல்லுறன்.

போன வருசம் புரட்டாசியில வேலை விசயமா ஹட்டன் போனன், பொழுது இருந்தபடியா மஸ்கெலியா வரைக்கும் போய் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில போட்டன். பழைய மஸ்கெலியா ரவுன் அந்தத் தண்ணிக்குக் கீழதான் கிடக்கு. 1969-இல அணை கட்டி முடிஞ்சு தண்ணி நிரம்பேக்க கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல் எல்லாம் உள்ள போட்டுது, சனத்தை மேல புது ரவுன் கட்டி ஏத்தினவை. இதெல்லாம் எழுதிப் போட்டதுக்கு வழக்கம்போல பத்து லைக். அதில ஒரு பெடியன், திருப்பூரில பனியன் கொம்பனியில வேலையாம், "அண்ணா இது எங்க பாட்டி ஊரு, தண்ணிக்குள்ள இருக்குன்னு சொல்லுவாங்க" எண்டு எழுதியிருந்தவன். நானும் சும்மா பாட்டி எந்தத் தோட்டம் எண்டு கேட்டன். அவன் சொன்ன தோட்டம் அம்மப்பாவின்ர தோட்டம். பாட்டியின்ர பேரைக் கேட்டு அம்மாட்டச் சொன்னன், அம்மாவின்ர அதே கூட்டாளி, அம்மா பிலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தவ, கத்தியை வைக்காமலே எழும்பி வந்தவ.

அண்டைக்கு இரவு வாட்சப்பில கோல் எடுத்தம். மற்றப் பக்கத்தில கனநேரம் சத்தமில்லை, பிறகு "பாப்பாவா?" எண்டு மட்டும் கேட்டது.

அம்மாவுக்குக் கண் காட்டக் கோயம்புத்தூர் போற அலுவல் எப்பிடியும் இருந்தது. பலாலியில ஏறிச் சென்னை, அங்கயிருந்து ரயில். கண் அலுவல் முடிஞ்ச அடுத்த நாள், அந்தக் கூட்டாளி இருக்கிற சேரம்பாடிக்குப் போக, ஊட்டி வழியாக் கூடலூர். இப்ப நீலகிரிக்குப் போற வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்கோணும், 2024-இலயிருந்து கோட் ஓடர். கீழ செக்போஸ்டில பிளாஸ்டிக் போத்தில் இருக்கோ எண்டு பையைக் கிண்டிப் பார்த்தவங்கள், அம்மாவின்ர மருந்துப் பையில கிடந்த தண்ணிப் போத்திலும் போட்டுது. ஊட்டியைத் தாண்டி நடுவட்டத்தால இறங்கேக்க காத்து மாறுது. கூடலூர் மூண்டு மாநிலமும் சந்திக்கிற மூலை. ஒரு றோட்டு ஊட்டிக்கு, ஒண்டு முதுமலைக் காட்டால மைசூருக்கு, மற்றது கேரளாவுக்கு. பஸ் ஸ்ராண்டில நிண்டு பாத்தா போட்டில தமிழ், மலையாளம், கன்னடம், மூண்டும் சுத்திக் கிடக்கு.

அங்க ஒரு லொட்ஜில அறை எடுக்கப் போனா எங்கட பாஸ்போட்டைக் கண்டதும் மனேசர் கதிரையை விட்டு எழும்பிட்டார். வெளிநாட்டுக்காரருக்கு ஃபோம் சி எண்டு ஒண்டு நிரப்பி அனுப்போணுமாம், அவர் தன்ர வாழ்நாளில நிரப்பினதே இல்லையாம். "நீங்க தமிழ்தானே பேசுறீங்க, எப்படி வெளிநாடு?" எண்டு கேட்டார். நல்ல கேள்வி. போதாததுக்குக் கீழ தேத்தண்ணிக் கடைக்காரர் அம்மா கதைச்சதைக் கேட்டிட்டு "நீங்க மலையாளியா?" எண்டு கேட்டவர். தமிழ்நாட்டுக்குப் போற எந்த யாழ்ப்பாணத்தானும் இந்தக் கேள்விக்குத் தப்பேலாது எண்டு தெரியும், எண்டாலும் மலையாளம் தெரிஞ்ச ஊரிலயே கேக்கினம் எண்டா நாங்கள் உண்மையா என்னதான் கதைக்கிறம்?

கூடலூரிலயிருந்து தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. தேவாலாவில 1880-களில வெள்ளைக்காரன் தங்கம் இருக்கெண்டு லண்டனில கொம்பனி கொம்பனியாத் திறந்து காசு சேர்த்து மலையைத் தோண்டினவன், கடைசியில ஒண்டும் பெரிசாக் கிடைக்கேல்ல. எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஜீப் டிரைவர் அம்மாவின்ர அந்தக் கூட்டாளியின்ர மருமகன் (நான் அவவைப் பெரியம்மா எண்டுதான் கூப்பிட்டனான்), அவர்தான் கை காட்டி இதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். தங்கம் வராத மலையில தேயிலை வந்து, தேயிலைக்குச் சனம் வந்து, அந்தச் சனம் எங்கட நாட்டிலயிருந்து வந்தது.

கணக்கைச் சுருக்கமாச் சொல்லுறன், எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு பந்தியோட முடிச்ச விசயம் இது. 1948-இல குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழர் கிட்டத்தட்ட எல்லாரும் நாடில்லாத ஆக்களாப் போச்சினம். 1964 ஒக்ரோபர் 30-இல ரெண்டு நாட்டுப் பிரதமர்மார், சிறிமாவும் சாஸ்திரியும், கையெழுத்துப் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரிச்சவை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒண்டரை லட்சத்தைப் பிறகு பாப்பம் எண்டு விட்டு 1974-இல இந்திரா காந்தியோட ஆளுக்குப் பாதி பிரிச்சவை. எங்கட வீட்டில மாங்காய் பிரிக்கிறதுக்கே ரெண்டு நாள் சண்டை நடக்கும். இதில அந்த ஒம்பதே முக்கால் லட்சத்தில ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கேல்ல.

தமிழ்நாட்டு அரசாங்கம் அப்பிடி வந்த ஆக்களுக்கு வேலை குடுக்க 1968-இல நீலகிரிக் காட்டைத் திருத்தித் தேயிலை வைக்கத் தொடங்கினது, 1976-இல அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாச்சுது, டான்டீ எண்டு சொல்லுவினம். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி எண்டு கன இடத்தில அதின்ர லயங்கள். பெரியம்மா 1975-இல வந்தவ, கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையளோட. ஹட்டனில ஏறின கோச்சி தலைமன்னார் வரைக்கும் முழுக்க அழுகையாம், அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி எண்டே பேர் வந்திட்டுது. "ஏத்திவுட வந்தவங்களும் அழுவாங்க, ஏறுனவங்களும் அழுவாங்க, நடுவுல கார்டு ஊதுற விசிலே கேக்காது" எண்டா. பிறகு ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். எங்கட அப்பாவும் அதே ராமானுஜத்தில ஏறினவர்தான், மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டு ரெண்டு படம் பாத்திட்டுத் திரும்பி வர. கப்பல் ஒண்டுதான்.

வீடு றோட்டிலயிருந்து இறங்கி ஒரு நூறு படி. பெரியம்மா வாசலில நிண்டவ, கட்டையான ஆள், தலையில லேஞ்சி கட்டியிருந்தா, காதில ஓட்டை மட்டும் இருந்தது. அம்மாவைக் கண்டு "வாங்க பாப்பா" எண்டா. எழுவத்தி மூண்டு வயசு ஆளுக்குப் பாப்பா, அதோட ஒரு "வாங்க". அம்மா பேர் சொல்லி "நீ அப்பிடியேதான் இருக்கிறாய்" எண்டவ. கட்டிப்பிடிச்சு அழுவினம் எண்டு நினைச்சு நான் ஃபோனை எல்லாம் ரெடியா வச்சுக்கொண்டு நிண்டன், ரெண்டுபேரும் கையைப் பிடிச்சு நிண்டு முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டினம்.

குடிக்கத் தந்தது சாயத்தண்ணி. நாங்கள் வெறுந்தேத்தண்ணி எண்டுவம், அவையின்ர பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா கட்டன் சாயா எண்டவ, மூண்டும் ஒரே கேத்திலில ஊத்தினதுதான். சீனியை உள்ளங்கையில கொட்டித் தந்தா, நக்கி நக்கிக் குடிக்க. நான் இப்பிடிக் குடிச்சுக் கனகாலம். பேந்து ரொட்டி. கோதுமை மாவில தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைஞ்சு, தடிப்பாத் தட்டிக் கல்லில போட்டுச் சுட்ட ரொட்டி, கூடச் சம்பல். சம்பலில மாசி வாசம் மாதிரி ஒண்டு அடிச்சது ஆனா மாசி இல்லை. கேட்டன். அங்க மாசிக் கருவாடு கிடைக்காதாம், வந்த புதுசில சம்பல் வாயில வைக்கேலாமக் கிடந்ததாம், பேந்து நெத்திலிக் கருவாட்டை அடுப்புச் சாம்பலில போட்டு வாட்டி, தலையைக் கிள்ளி எறிஞ்சிட்டு அம்மியில பொடியாக்கிப் போட்டுப் பாத்தாவாம். "மாசி மாதிரி இல்ல, ஆனா மாசிய மறக்காத மாதிரி இருக்கும்" எண்டு சிரிச்சா. அந்த ஊரில ஆர் சுட்டாலும் அதுக்குப் பேர் சிலோன் ரொட்டி. அவையளுக்குப் பேர் சிலோன்காரங்க. அம்பது வருசமாச்சு, பேரப்பிள்ளையள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில படிச்சு வோட்டும் போடுதுகள், எண்டாலும் ரேஷன் கடையில "அந்தச் சிலோன்கார லைன்" எண்டுதான் சொல்லுவினமாம். இஞ்ச இலங்கையில 2012 சென்ஸசிலயும் அவையின்ர சொந்தக்காரருக்கு "இந்தியத் தமிழர்" எண்டு தனி நிரல். இஞ்ச இந்தியன், அங்க சிலோன்காரன். எங்கட யாழ்ப்பாணத்தில வச்ச பேரை நான் எழுதத் தேவையில்லை, இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும், கனபேரின்ர வாயில இண்டைக்கும் வரும்.

அலமாரியிலயிருந்து ஒரு மலிபன் பிஸ்கட் ரின் எடுத்தா. மூடி துருப்பிடிச்சுத் திறக்கேலாமல் மருமகன் கரண்டிக் காம்பால நெம்பித் திறந்தவர். உள்ள பொலித்தீன் பைக்குள்ள குடும்ப அட்டை, இந்தியாவுக்குப் போற ஆக்களுக்குக் கண்டியில குடுத்தது. அதில புருசன், அவ, மடியில ஒண்டு பக்கத்தில ஒண்டா ரெண்டு பிள்ளையள், கறுப்பு வெள்ளைப் படம். அவவின்ர மனுசன் கமராவைப் பாக்கேல்ல, பக்கத்தில எதையோ பாக்கிறார். அவர் காலமாகிப் பத்து வருசமாம். அம்மா அந்தப் படத்தைப் பாத்தபடி கனநேரம் இருந்தவ, புதுசாக் காட்டின கண்ணில வைக்கிற மருந்து வேற கரைஞ்சுகொண்டிருந்தது.

பின்னேரம் ஆறு மணிக்கெல்லாம் ஊர் அடங்கீட்டுது. யானை. எங்கட ஆக்கள் இரவு ஒம்பது மணிக்கு ஒழுங்கையில நிண்டு அரசியல் கதைப்பம், அங்க ஆறுக்குப் பிறகு ஆரும் தனிய இறங்கிறேல்ல. எந்தப் பக்கம் யானை நிக்குதெண்டு வாட்சப் குரூப்பில வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் பின்னால ஒரு பலா, நல்ல பருமனான மரம், ஆனா அதில ஒரு காயும் இல்லை. அம்மாவுக்கு ஆச்சரியம், சித்திரை மாசம் பிலாமரம் வெறுமையா நிக்குமே எண்டு. பிஞ்சிலயே வெட்டிப்போடுவினமாம். பழுத்தா வாசத்துக்கு யானை வரும், வந்தா மரத்தோட நிக்காது, சுவரையும் தள்ளும். பிலாப்பழம் சாப்பிட்டு எத்தினையோ வருசமாச்சு எண்டா பெரியம்மா, சொந்த மரம் வச்சுக்கொண்டு. அதுக்குத்தான் சந்தையில ஒரு பாதிப் பழம் வாங்கி, ஜீப்பில ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டு வந்து, எல்லாரும் ஒரே இருப்பில சாப்பிட்டு முடிச்சு, சடையையும் கொட்டையையும் அண்டைக்கே கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள். கள்ளக் கடத்தல் மாதிரி ஒரு பிலாப்பழம்.

அடுத்த நாள் மருமகன் எல்லையைக் காட்டுறன் எண்டு சோலாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லை எண்டதும் நான் எங்கட சண்டைக் காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடி மாதிரி ஒண்டை மனசில வச்சுக்கொண்டு போனன், எங்கட வயசு ஆக்களுக்கு வேற எல்லை தெரியாது, பையைக் கொட்டி, அடையாள அட்டையைக் காட்டி, வெயிலில வரிசையில நிண்டது. இதில ஒரு தடைக்கம்பு, அதையும் தூக்கி வச்சிருக்கினம், ஒரு பொலிஸ்காரர் பேப்பர் வாசிக்கிறார். அங்கால போனா வயநாடு. தமிழ்நாட்டில 2003-இல லொத்தரைத் தடை செய்திட்டினம், அதால கம்பைத் தாண்டினதும் லொத்தர்க் கடை. காய்ச்சல் கூடினா இவையள் சுல்தான் பத்தேரிக்கு ஓடுவினமாம், ஊட்டியை விட அதுதான் கிட்ட. பேத்தி, எட்டாம் வகுப்பு, கடைக்காரரோட மலையாளத்தில கதைச்சு, தகப்பனோட தமிழில கதைச்சு, எங்களோட எங்கட தமிழைப் பகிடி பண்ணிக் கதைச்சது. "ஓம் எண்டு சொல்லுங்க மாமா" எண்டு என்னை ஒரு பத்துத் தரம் சொல்ல வச்சிருக்கும்.

வரேக்க பெரியம்மா 2024 ஜூலை 30-ஐப் பற்றிச் சொன்னவ. அண்டைக்கு விடியச் சாமம் வயநாட்டில முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிஞ்சு நூற்றுக்கணக்கில சனம் போனது, அதுவும் தேயிலைத் தோட்டம்தான், மேப்பாடி இவையளுக்குத் தூரமில்லை. அந்த இரவு சேரம்பாடியிலயும் விடாமல் மழையாம். லயத்துப் பிள்ளையளை எல்லாம் எழுப்பி மேட்டில இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வச்சிருந்தினமாம். அதுக்குப் பிறகு மழை பெய்தா அவ படுக்கிறேல்லையாம், கதவடியில கதிரையைப் போட்டு இருக்கிறதாம். அவவின்ர மகள் இண்டைக்கும் கொழுந்து எடுக்கிறா. வேலை முடிஞ்சு ஓய்வு எடுத்தா லயத்தை விடோணும். 2022-இல டான்டீயின்ர நிலத்தில 2,000 ஹெக்டேருக்கு மேல காட்டு இலாகாவுக்குத் திருப்பிக் குடுக்கிறதெண்டு அரசாங்கம் முடிவெடுத்தது, காட்டைத் திருத்தித்தானே வச்சது, காடு திரும்பக் கேக்குது. அது நியாயம்தான் எண்டு எனக்கும் படுது, ஆனா அந்தக் கதவடியில நிண்டு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்ல.

திரும்பி ஊட்டி பஸ்ஸில வரேக்கதான் அம்மா அந்த மற்றக் கதையைச் சொன்னவ. குவாட்டர்ஸ் குசினிப் படியோட அந்தப் பிள்ளை நிக்கோணும், உள்ள வரேலாது. அம்மம்மா தேத்தண்ணி சிரட்டையிலதான் ஊத்திக் குடுப்பாவாம், குடிச்சிட்டுச் சிரட்டையை வேலிக்கு அங்கால எறிஞ்சிட்டுப் போகோணும். "அவ எனக்கு நேற்று நல்ல கண்ணாடி கிளாசில தந்திட்டுத் தான் தகர மக்கில குடிச்சவ, கண்டனியே?" எண்டா. நான் காணேல்ல. நான் படம் எடுத்துக்கொண்டு நிண்டனான். பிறகு கொஞ்ச நேரம் வெளியால பாத்திட்டு "என்னை விட மூப்பு. நான் ஒருநாளும் அக்கா எண்டு கூப்பிடேல்ல" எண்டவ. அடுத்த வளைவில திரும்பச் சத்தி வந்திட்டுது, கதை அதோட நிண்டிட்டுது. இப்ப கிழமைக்கு ஒருக்கா கோல் எடுக்கிறா. பேர்தான் சொல்லுறா, ஆனா கதை முழுக்க "நீங்கள்", அதுவும் சில நேரம் பாதியில "நீ"க்குப் போய்த் திரும்ப "நீங்கள்"க்கு வரும்.

வெளிக்கிடேக்க பெரியம்மா எனக்கு ரெண்டு கிலோ தேயிலைத் தூளைக் கட்டித் தந்திட்டு ஒண்டு கேட்டவ. நான் போட்ட மஸ்கெலியாப் படத்தைப் பேரன் காட்டினவனாம். "வெறும் தண்ணியாத்தானே தம்பி இருக்கு, கோயில் தெரியலயே." நான் சொன்னன், அது மழைக்குப் பிறகு எடுத்தது, மழை பிந்தித் தண்ணி வத்தினா பழைய கோயில் வெளியில வாறது, அப்ப சனம் நடந்தே போய்ப் பாக்கும் எண்டு. அவவுக்கு அது தெரியாது. கோயில் இடிஞ்சு கரைஞ்சு போயிருக்கும் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தவவாம், அணையில தண்ணி ஏறேக்க அவவுக்குப் பதினெட்டு வயசு, மேட்டில நிண்டு பாத்தவவாம். கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு, "வாசலுக்கு வலது பக்கம் ஒரு கல்லு இருக்கும், நாங்க செருப்பு வுடுற எடம், அது இருக்குதான்னு பாத்து ஒரு போட்டோ அனுப்பு" எண்டா.

மாசி, பங்குனியில ஹட்டன் பக்கம் நிக்கிற கூட்டாளி ஒருத்தனிட்டச் சொல்லி வச்சிருக்கிறன், தண்ணி இறங்கினா அறிவி எண்டு. அம்மாவும் வாறன் எண்டு நிக்கிறா. சத்திக் குளிசை வாங்கோணும்.